பொய்யன் புதிர், கோடெல், மனித மனம்: கேட்டவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டது இது: “‘நான் இப்போது சொல்வது பொய்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்தால் கணினி சிக்கி நின்றுவிடும், மனிதன் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். இதைக் கோடெல் கணிதத்திலேயே நிரூபித்துவிட்டார், ஆகவே மனிதப் பிரக்ஞை ஓர் இயந்திரமாக இருக்கவே முடியாது என்று ஒரு காணொளியில் கேட்டேன். உண்மையா? இன்னொன்று. நான் யோசிப்பதை நானே கவனிக்கிறேன். கவனிப்பதையும் கவனிக்கிறேன். அதைக் கவனிப்பது யார் என்று போனால் முடிவே இல்லை. இதுவும் அதே புதிர்தானா?”

கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் உள்ளே கேட்கப்படுவது ஒன்றுதான்: தன்னையே சுட்டித் தன்னோடு முரண்படும் வாக்கியங்களை வைத்து மனத்தைப் பற்றி எதையாவது நிரூபிக்க முடியுமா? தருக்க அறிஞர் கோடெலின் தேற்றம் அப்படி ஒன்றையும் நிரூபிக்கவில்லை. அதற்காக மனம் இயந்திரம்தான் என்று யாரும் நிரூபித்துவிட்டார்கள் என்றும் கொள்ள வேண்டாம். கணிதத் தருக்கம் என் தொழில். கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் அதைப் பாடமாக எடுத்தேன். முதல் சில வருஷங்கள் நீங்கள் காணொளியில் கேட்ட அதே வாதத்தை நானும் நம்பினேன், வகுப்பிலும் சொன்னேன். அது எங்கே பிசகுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு நாளானது. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், முரணாகத் தெரிவதெல்லாம் ஒரே வகை இல்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித் தருகிறார். நிறுவுவதற்காக எடுத்து வைக்கும் கூற்றுகளில் பிழையானவற்றை ‘பக்கப் போலி’ என்று வகை பிரிக்கிறார். அதில் ஒன்று ‘சுவசன விருத்தம்’, தன் சொல்லே தனக்கு மாறாக நிற்பது. அவர் தரும் உதாரணம், ‘என் தாய் மலடி’. மூன்றே சொல்லில் எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறார் பாருங்கள். சொல்பவன் இருக்கிறான் என்பதே சொன்னதைப் பொய்யாக்கிவிடுகிறது. ஆனால் இது புதிர் இல்லை. வாக்கியம் பொய், அவ்வளவுதான். பொய் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

‘கிரேத்தர்கள் எப்போதும் பொய்யர்கள்’ என்று கிரேத் என்ற கிரேக்கத் தீவைச் சேர்ந்த எபிமெனிடீஸே சொன்னதாகப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதுவும் உண்மையான முரண்புதிர் அல்ல. அந்த வாக்கியம் பொய் என்று வைத்துக்கொண்டால் என்றைக்கோ ஒரு நாள் உண்மை பேசிய கிரேத்தர் ஒருவராவது இருந்தார் என்று ஆகிறது. அதில் முரண் எதுவும் இல்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் மிலேட்டஸ் ஊர்க் கிரேக்கத் தத்துவவாதி யூபுலிடீஸ் சொன்னதாக வரும் வடிவம்தான் கடினமானது, பொய்யன் புதிர் என்பது இதுதான்: ‘நான் இப்போது சொல்வது பொய்.’ உண்மை என்றால் பொய்யாகிறது. பொய் என்றால் உண்மையாகிறது. ‘என் தாய் மலடி’யில் இருந்த வெளிவாசல் இதில் இல்லை.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. தூங்க வைத்துவிட்டு விளக்கை அணைத்த அம்மா கதவோரம் நின்று “தூங்கிட்டியாடா?” என்று கேட்கிறாள். போர்வைக்குள்ளிருந்து “தூங்கிட்டேம்மா” என்று குரல் வருகிறது. ‘குழந்தை தூங்கிவிட்டது’ என்ற செய்தியில் முரண் ஏதும் கிடையாது. பக்கத்து அறையிலிருந்து அப்பா சொன்னால் அது சரியான வாக்கியம்தான். குழந்தையே, அந்தக் கணத்தில், வாய் திறந்து சொல்வதுதான் அதைக் கெடுக்கிறது. இந்த மூன்றாவது வகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணினி சிக்கிக்கொள்ளும் என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். புதிரைக் கேட்டதும் புகை விட்டுச் சாயும் இயந்திரம் கதைகளில்தான் உண்டு. எக்செல்லில் ஏ1 கட்டத்துக்குள் ‘ஏ1-இன் மறுப்பு’ என்று சூத்திரம் போட்டுப் பாருங்கள். வட்டமாகச் சுட்டுகிறது என்று ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு அது தன் பாட்டுக்கு இருக்கும். இன்னும் பழைய உதாரணம் பள்ளி இயற்பியலில் படித்த மின்சார மணி. பொத்தானை அழுத்தினால் மின்னோட்டம் பாய்கிறது, மின்காந்தம் இரும்புத் தகட்டை இழுக்கிறது, தகடு நகர்ந்ததும் திருகு முனையிலிருந்து தொடர்பு அறுந்து மின்னோட்டம் நிற்கிறது, நின்றதும் வில் தகட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளுகிறது, மறுபடி மின்னோட்டம். ‘ஓட்டம் இருந்தால் இல்லை, இல்லையென்றால் இருக்கிறது’ என்பதுதான் அந்தச் சுற்றின் அமைப்பே. பொய்யன் வாக்கியத்தின் அச்சு அசலான உருவம் அது. காலம் என்ற ஒன்று உள்ளே வந்ததும் முரண் என்பது கணகண என்ற ஓசையாகிவிடுகிறது. வகுப்பில் அந்த மணியைத் திறந்து வைத்துத் தகடு துடிப்பதைக் காட்டிவிட்டுத்தான் நான் புதிரையே தொடங்குவேன்.

மனிதன் சிரித்துவிட்டு நகர்கிறான் என்பதும் அவன் புதிரைத் தீர்த்துவிட்டான் என்று பொருள்படாது. கோஸ் தீவின் புலவர் பிலெட்டாஸ் இந்தப் புதிரை எண்ணி எண்ணி உறக்கம் கெட்டு இறந்தார் என்று ஒரு பழைய கதை உண்டு. கதையை விடுங்கள். இன்றைய தருக்க அறிஞர்களும் ஒரே விடையில் நிற்கவில்லை. ஒரு மொழிக்கு ‘உண்மை’ என்ற சொல்லை அந்த மொழிக்குள்ளேயே முழுதாக வரையறுக்க முடியாது, மேலே இன்னொரு மொழி வேண்டும் என்று ஆல்ஃபிரட் டார்ஸ்கி 1933இல் காட்டினார். ஐந்தாம் நூற்றாண்டு இலக்கணவாதி பர்த்ருஹரியும் ‘நான் சொல்வதெல்லாம் பொய்’ என்பவன் அந்தச் சொல்லையே அதற்குள் சேர்த்துச் சொல்ல நினைப்பதில்லை என்கிறார். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் திசை ஒன்றுதான். 1975இல் சால் கிரிப்கி வேறு வழி காட்டினார். ஒரு வாக்கியம் உண்மையா என்று பார்க்க இன்னொன்றுக்குப் போகிறோம், அதிலிருந்து வேறொன்றுக்கு. இந்தச் சங்கிலி எங்காவது தரையைத் தொட வேண்டும். பொய்யன் வாக்கியத்தின் கால் தரையில் படுவதே இல்லை, ஆகவே அது உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உடனே ‘இந்த வாக்கியம் உண்மை அல்ல’ என்று மாற்றி எழுதினால் புதிர் திரும்ப வந்து நிற்கும்: உண்மை அல்ல என்றால் அது சொல்வதே நடந்துவிட்டது, ஆகவே உண்மை. கிரஹாம் பிரீஸ்ட் போன்றவர்கள் சில வாக்கியங்கள் உண்மையாகவும் பொய்யாகவும் ஒருசேர இருக்கலாம் என்றே ஏற்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, ஆனால் அவர்களை மறுக்கும் இறுதி வாதமும் என்னிடம் இல்லை.

இனி கோடெல். இங்கேதான் பொறுமை வேண்டும். 1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பெர்க் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இருபத்து நான்கு வயது குர்ட் கோடெல் தன் முடிவை முதன்முதலாகப் பொதுவில் சொன்னார். 1931இல் கட்டுரை வெளிவந்தது. அவர் செய்தது என்ன? கணிதக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். குறிகளின் வரிசைதானே வாக்கியம்? அதற்கும் ஓர் எண். வாக்கியங்களின் வரிசைதானே நிரூபணம்? அதற்கும் ஓர் எண். இப்படிச் செய்துவிட்டால், ‘இந்த எண் அந்த எண்ணால் வகுபடும்’ என்பது எப்படி எண்களைப் பற்றிய செய்தியோ, அப்படியே ‘இன்ன எண்ணுள்ள வாக்கியத்துக்கு நிரூபணம் இருக்கிறது’ என்பதும் எண்களைப் பற்றிய செய்தியாகிவிடுகிறது. எண்ணைப் பற்றி மட்டுமே பேசத் தெரிந்த மொழி, தன் நிரூபணங்களைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுகிறது. எடுகோள்களும் நிரூபண விதிகளும் சேர்ந்த அமைப்பை முறைமை என்போம். பிறகு அவர் ஒரு வாக்கியத்தைக் கட்டினார்: ‘இன்ன எண்ணுள்ள வாக்கியத்தை இந்த முறைமைக்குள் நிரூபிக்க முடியாது.’ அந்த ‘இன்ன எண்’ அந்த வாக்கியத்தின் எண்ணாகவே அமையும்படி கட்டினார். ‘இது’, ‘இந்த வாக்கியம்’ என்ற சுட்டுச் சொல் எதுவும் இல்லாமலே வாக்கியம் தன்னைச் சுட்டிவிட்டது.

பொய்யன் வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ‘பொய்’ என்று இருந்த இடத்தில் இங்கே ‘நிரூபிக்க முடியாதது’. ஒரே ஒரு சொல் மாறியது. அந்த மாற்றத்தில் முரண்புதிர் தேற்றமாகிவிட்டது. எண்கணிதத்தைப் பேசும் முறைமை முரணற்றதாக, அதாவது ஒன்றையும் அதன் மறுப்பையும் சேர்த்து நிரூபிக்காததாக இருந்தால், அந்த வாக்கியத்தை அது நிரூபிக்காது. நிரூபிக்க முடியாது என்றுதானே வாக்கியமும் சொல்கிறது, ஆகவே அது உண்மை. உண்மையாக இருந்தும் நிரூபணத்துக்கு எட்டாதது. புதிதாக ஓர் எடுகோளைச் சேர்த்து அந்த ஓட்டையை அடைத்தால், புதிய முறைமைக்கும் அதே போல இன்னொரு வாக்கியம் முளைக்கும். இதுவரை சொன்னது தேற்றம். ஐயத்துக்கு இடமில்லை.

இங்கிருந்து மனத்துக்குத் தாவியவர் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ ஆசிரியர் ஜே. ஆர். லூகாஸ், 1961இல். அவர் வாதம் இது: கணினி என்பது ஒரு முறைமை. அதற்குரிய கோடெல் வாக்கியத்தை அதனால் நிரூபிக்க முடியாது. ஆனால் வெளியே நிற்கும் நாம் அது உண்மை என்று காண்கிறோம். ஆகவே நாம் எந்தக் கணினியும் அல்ல. 1989இல் கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் இதையே இன்னும் விரிவாக எடுத்துச் சென்றார். 1994இல் வாதத்தைத் திருத்தி மறுபடி எழுதினார். பென்ரோஸ் நோபல் பெற்றவர் என்பதால் அவர் சொன்னது முடிந்த முடிவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவருக்கு 2020இல் நோபல் கிடைத்தது கருந்துளை பற்றிய வேலைக்காக. இந்த வாதத்துக்கும் அந்தப் பரிசுக்கும் தொடர்பில்லை.

எனக்கு இந்த வாதம் கிடைத்தபோது உடம்பு சிலிர்த்தது. கணிதத்தின் நடுவிலிருந்தே மனத்தின் மேன்மைக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். முதுகலை வகுப்பில் ஒரு மாலை, கோடெல் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, “முறைமைக்குள் இருப்பவருக்குத் தெரியாது, வெளியே நிற்கும் நமக்குத் தெரிகிறது, அந்த ‘வெளியே’தான் மனம்” என்று முடித்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சார், நான் ஒண்ணு எழுதட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே வந்து, சாக்பீஸை எடுத்து, என் வாக்கியத்துக்குக் கீழே இப்படி எழுதினாள்: ‘இந்த வாக்கியம் உண்மை என்று நம்ம சார் முரணில்லாமல் சொல்ல முடியாது.’ எழுதிவிட்டுத் திரும்பி, “இது உண்மையா சார்?” என்றாள்.

நான் வாயைத் திறக்கப் போய் நிறுத்தினேன். உண்மை என்று சொன்னால், முரணில்லாமல் சொல்ல முடியாதது என்று நானே ஒப்புக்கொண்ட ஒன்றைச் சொன்னவனாகிறேன். பொய் என்று சொன்னால், முரணில்லாமல் அதை உண்மை என்று சொல்ல என்னால் முடியும் என்று ஆகிறது. அப்படிச் சொல்லப் போனால் முதல் இடத்துக்கே திரும்பி வருகிறேன். ஆனால் வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அது உண்மை என்று தெரிந்தது. அவர்கள் எனக்கு வெளியே நின்றார்கள். அதனால் அவர்கள் எல்லாருக்கும் மனம் இருக்கிறது, நான் மட்டும் வெறும் இயந்திரம் என்று ஆகிவிடுமா? அவள் பெயரைப் போட்டிருந்தால் அவள் மாட்டியிருப்பாள், நான் சரியான விடையைச் சொல்லியிருப்பேன். ‘வெளியே நிற்பது’ என்பது மனத்தின் தனிச் சிறப்பு இல்லை, யார் பெயர் வாக்கியத்துக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பின்னாளில்தான் படித்தேன், சி. எச். வைட்லி என்பவர் 1962லேயே லூகாஸின் பெயரை வைத்து இதே வாக்கியத்தை எழுதி அவருக்குப் பதில் சொல்லியிருந்தார். அந்த மாணவி அதைப் படித்திருக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள்.

இது கூர்மையான பதில்தான், ஆனால் லூகாஸின் வாதத்தின் வேர் வேறு இடத்தில் பழுதாகியிருக்கிறது. கோடெல் வாக்கியம் உண்மை என்று நாம் ‘காண்கிறோம்’ என்கிறார்களே, நிஜத்தில் எதைக் காண்கிறோம்? ‘முறைமை முரணற்றது என்றால் வாக்கியம் உண்மை’ என்பதை. அந்த ‘என்றால்’ மிக முக்கியம். அந்த முழு நிபந்தனை வாக்கியத்தையும் முறைமையே, கணினியே, நிரூபித்துவிடும். அதில் நமக்கு ஒரு மேன்மையும் கிடையாது. கணினிக்கு எட்டாதது ‘நான் முரணற்றவன்’ என்ற முதல் பாதிதான். அது நமக்கு எட்டுகிறதா? நம் மனத்தை ஒத்த ஒரு பிரம்மாண்டமான முறைமையை எதிரில் வைத்து, இது முரணற்றது என்று நம்மால் கண்டு சொல்ல முடியுமா?

வரலாறு முடியாது என்றுதான் காட்டுகிறது. எண்கணிதம் முழுவதையும் தருக்கத்தின் மேல் கட்டி எழுப்ப வாழ்நாளைக் கொடுத்தவர் காட்லோப் ஃப்ரேகே. அவர் நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தபோது, 1902 ஜூன் 16ஆம் தேதியிட்டு பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் கடிதம் வந்தது. தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் (தொகுப்புகள்) எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணம் செய்தால், அது தனக்கு உறுப்பா இல்லையா? உறுப்பு என்றால் இல்லை, இல்லை என்றால் உறுப்பு. ஃப்ரேகேயின் முறைமை உள்ளேயே முரண்பட்டிருந்தது. 1903இல் வந்த அந்தத் தொகுதியின் கடைசியில், இந்தப் பழுதை ஒப்புக்கொள்ளும் பின்னிணைப்பு ஒன்றை அவரே எழுதிச் சேர்த்தார். இவ்வளவு நேர்மையைத் தருக்க வரலாற்றில் நான் வேறெங்கும் கண்டதில்லை. அலோன்சோ சர்ச் 1930களின் தொடக்கத்தில் வெளியிட்ட முறைமை முரண்படுகிறது என்று அவருடைய மாணவர்களான கிளீனியும் ராஸரும் 1935இல் காட்டினார்கள். குவைன் 1940இல் வெளியிட்டதை 1942இல் அதே ராஸர் உடைத்தார். உலகத்தின் மிகக் கூரிய தருக்க அறிஞர்கள், தாங்களே கட்டிய முறைமையைப் பார்த்து, முரணற்றது என்று ‘கண்டார்கள்’. தவறாகக் கண்டார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது அவர்களுக்கும் பொருந்தியது. மனிதன் தவறு செய்கிறவன். தவறு செய்யக்கூடிய இயந்திரத்துக்கும் அவனுக்கும் இடையே கோடெல் தேற்றம் எந்தக் கோடும் கிழிக்கவில்லை.

கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் இதை 1950லேயே சொல்லிவிட்டார். குறிப்பிட்ட எந்த இயந்திரத்துக்கும் எல்லை உண்டு என்பது நிரூபணமானது, மனித அறிவுக்கு அந்த எல்லை இல்லை என்பதோ வெறுமனே சொல்லப்பட்டது, நிரூபணம் தரப்படவில்லை என்பது அவர் வாதம். கோடெல் என்ன நினைத்தார் என்பது இன்னும் சுவையானது. மனம் இயந்திரமல்ல என்றே அவர் தனிப்பட்ட முறையில் நம்பினார். ஆனால் 1951 டிசம்பரில் ஆற்றிய உரையில், தன் தேற்றத்திலிருந்து உறுதியாகக் கிடைப்பது ஓர் ‘அல்லது’ மட்டுமே என்றார்: மனித மனம் எந்த வரம்புள்ள இயந்திரத்தையும் மிஞ்சியது, அல்லது மனித மனத்தால் என்றைக்குமே தீர்க்க முடியாத எண்கணிதக் கணக்குகள் இருக்கின்றன. இரண்டில் எது என்று நிரூபித்துவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தன் நம்பிக்கையையும் தன் தேற்றத்தையும் அவர் கலக்கவில்லை. காணொளிகளில் அந்த ‘அல்லது’ காணாமல் போய்விடுகிறது என்பதே என் வருத்தம்.

பென்ரோஸின் அடுத்த படியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளைச் செல்களுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் குவாண்டம் நிகழ்வு ஒன்று நடக்கிறது, பிரக்ஞை அதிலிருந்து வருகிறது என்று ஸ்டூவர்ட் ஹேமராஃப் என்ற மயக்க மருந்து மருத்துவரோடு சேர்ந்து சொன்னார். வெதுவெதுப்பான, ஈரமான மூளையில் அத்தகைய நிலை ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கைக்கூடத் தாண்டி நிற்காது என்று 2000இல் மேக்ஸ் டெக்மார்க் கணக்கிட்டார். பென்ரோஸ் தரப்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. என் படிப்பு தருக்கத்தில், உடற்செயலியலில் அல்ல. ஆனாலும் இது இன்றைக்கும் சிறுபான்மைக் கருத்துதான் என்பதைச் சொல்ல வேண்டும்.

சரி, முரண்புதிருக்கும் மனத்துக்கும் ஒட்டே இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனால் எல்லாரும் தேடும் இடத்தில் இல்லை. தன்னைச் சுட்டுவது என்பது மட்டும் பெரிய காரியமில்லை. தன் சொந்த வரிகளையே அச்சிட்டுக் காட்டும் புரோகிராமை இரண்டு மூன்று வரியில் எழுதிவிடலாம். என் மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டு வரிக்கு ‘நான்’ என்ற உணர்வு வந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தன்னைச் சுட்டும் சுழலிலிருந்துதான் ‘நான்’ பிறக்கிறது என்று டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் வாதிடுகிறார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தச் சுழலில் அது பிறக்கிறது, எதில் பிறக்கவில்லை என்று அளந்து சொல்ல இன்னும் ஒரு கோல் இல்லை. பல்வலி வலிப்பது, கறிவேப்பிலை தாளிக்கும் வாசனை மூக்கில் ஏறுவது, இவற்றை ஏன் ஒருவர் அனுபவிக்கிறார், ஏன் எல்லாம் இருட்டில் நடக்கும் வேலையாக இல்லை என்பதைத்தான் டேவிட் சால்மர்ஸ் 1990களில் பிரக்ஞையின் கடினமான பிரச்சினை என்றார். கோடெல் வாக்கியம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அது நிரூபணத்தைப் பற்றியது, வலியைப் பற்றியது அல்ல.

ஒட்டு இருக்கும் இடம், போர்வைக்குள்ளிருந்து ‘தூங்கிட்டேம்மா’ என்ற அந்தக் குரல். ஜி. இ. மூர் 1940களில் இந்த வகையில் ஒன்றை எடுத்துக் காட்டினார். தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘வெளியே மழை பெய்கிறது, ஆனால் மழை பெய்வதாக நான் நம்பவில்லை.’ கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் முரண் எங்கே? மழை பெய்துகொண்டிருக்கலாம், நான் அறியாமல் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் தாராளமாக நடக்கும். ‘நான்’ என்பதை ‘அவர்’ என்று மாற்றுங்கள், விசித்திரம் போய்விடுகிறது. ‘அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது, ஆனால் நான் நம்பவில்லை’ என்று இறந்த காலத்தில் சொல்லுங்கள், அப்போதும் போய்விடுகிறது. ‘நான்’, ‘இப்போது’ என்ற இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் அது முளைக்கிறது. உலகத்து உண்மைகளை எல்லாம் பட்டியல் போட்டாலும், அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் ‘இவன்தான் நான்’ என்பது வேறு வகைச் செய்தி என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. ‘நான் இல்லை’ என்பதும் இந்த வகைதான். 1962இல் ஹின்டிக்கா சொன்னபடி, அது வெறும் வாக்கியமாகப் பார்த்தால் முரண் இல்லை. ஒருவர் அதை நினைக்கும் செயல்தான் அதைத் தோற்கடிக்கிறது. அறவண அடிகளின் ‘என் தாய் மலடி’க்கு இது நெருங்கிய உறவு.

இதையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நினைக்கும்போது நான் இருக்கிறேன் என்பது உறுதியாகிறது. நான் எதனால் ஆனவன், நரம்பாலா, வேறொன்றாலா என்பது அதிலிருந்து ஒரு துளியும் கிடைக்காது. ஓர் இயந்திரம் உண்மையிலேயே எதையாவது நம்பக்கூடியதானால் மூரின் வாக்கியம் அதன் வாயிலும் அதே விசித்திரத்தோடுதான் ஒலிக்கும். நம்பக்கூடியதா என்பதே கேள்வி.

கவனிப்பவனைக் கவனிப்பது யார் என்று கேட்டீர்கள். அது முரண்புதிர் இல்லை, முடிவில்லாத பின்னோட்டம். நம் தருக்க மரபில் அனவஸ்தை என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. முரண்புதிரில் இரண்டு பக்கமும் இடிக்கிறது. அனவஸ்தையில் எந்தப் பக்கமும் இடிப்பதில்லை, நிற்க இடம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். இதைப் பற்றி இந்தியத் தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் சண்டையிட்டிருக்கிறார்கள். விளக்கு தன்னையும் காட்டிக்கொண்டு மற்றதையும் காட்டுகிறது, அறிவும் அப்படியே என்றது திங்நாகர் வழிவந்த பௌத்தம். ஆகவே பின்னோட்டமே இல்லை. வாள் தன்னை வெட்டாது, விரல் நுனி தன்னைத் தொடாது, அறிவு மட்டும் எப்படித் தன்னை அறியும் என்று மறுத்தார்கள் பௌத்தத்தின் இன்னொரு கிளையினரான மாத்யமிகர்கள். நியாயம் என்ற தருக்க மரபைச் சேர்ந்தவர்கள் சொன்னதுதான் எனக்கு மிகவும் நிதானமாகப் படுகிறது: ஓர் அறிவை அடுத்து வரும் இன்னோர் அறிவு அறியலாம், ஆனால் ஒவ்வோர் அறிவும் அறியப்பட்டே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, கவனம் போகாத இடத்தில் சங்கிலி தானாக நின்றுவிடும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு செம்பருத்தியைப் பாருங்கள். ‘பார்க்கிறேன்.’ பிறகு, ‘பார்ப்பதை அறிகிறேன்.’ இங்கே ஏதோ ஒன்று உண்மையாகவே மாறுகிறது. பூவிலிருந்து கவனம் உங்கள் பக்கம் திரும்புகிறது. அடுத்து, ‘பார்ப்பதை அறிவதை அறிகிறேன்.’ என் அனுபவத்தில், மூன்றாவது படியிலேயே மனத்தில் புதிதாக எதுவும் வருவதில்லை, சொல் மட்டும் நீண்டுகொண்டு போகிறது. தலை சுற்றுவது அந்தச் சொற்சங்கிலியால்தான் என்பது என் கருத்து. நிரூபணமாக இதை நான் தரவில்லை.

திருவண்ணாமலையில் ரமணர் இதே கேள்வியை வேறு விதமாகக் கையாண்டார். அவர் அதை விடை காணும் புதிராக வைக்கவில்லை, செய்து பார்க்கும் வேலையாக வைத்தார். ‘நான் யார்’ என்ற நினைவு மற்ற நினைவுகளை எல்லாம் அழித்து, பிணஞ்சுடு தடிபோல் முடிவில் தானும் அழியும் என்றார். சுடுகாட்டில் சிதையைக் கிளறும் தடியைப் பார்த்திருப்பீர்கள். உடல் முழுதும் எரியும் வரை கிளறிக் கிளறி நுனி கருகிக்கொண்டே வரும்; கடைசியில் வெட்டியான் அதையும் நெருப்பில் போட்டுவிடுவார். கேள்வி தன் மீதே திரும்பும்போது சுழலில் சிக்க வேண்டியதில்லை, தீர்ந்து போகவும் முடியும் என்பது அந்த உவமையில் இருக்கிறது. அங்கே உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதைத் தருக்கத்தால் சரிபார்க்கும் வழி என் கையில் இல்லை; அதைச் செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.